சுவரை உடைத்த பிறகு வரும் செலவு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாமனார் கட்டிய வீடு, 50 வருடம் ஆகப்போகிறது. பழைய அடுப்படியை இடித்துவிட்டு கிரானைட் மேடை, டைல்ஸ், அலமாரி எல்லாம் வைத்துப் புதிதாகச் செய்ய 3 லட்சம் சேர்த்திருக்கிறோம். கொத்தனார் 2 லட்சத்து 80 ஆயிரத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். மிச்சமுள்ள 20 ஆயிரம் எதிர்பாராத செலவுக்குப் போதுமா? என் கணவர், "வர்றப்ப பாத்துக்கலாம்" என்கிறார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பதில்: போதாது. உங்கள் மனசு சொல்வதுதான் சரி.

50 வருட வீட்டில் அடுப்படியைத் தொட்டால், போட்ட கணக்குக்கு மேல் 20 சதவீதமாவது தனியாக இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது 3 லட்சம் என்றால் வேலையை 2 லட்சத்து 50 ஆயிரத்துக்குள் அடக்கிவிட்டு 50 ஆயிரத்தைத் தொடாமல் வையுங்கள். எதைக் குறைப்பது என்று கேட்பீர்கள். பரணுக்குக் கதவு, சிம்னி, விலை கூடிய டைல்ஸ், இதையெல்லாம் அடுத்த அறுவடைக்குத் தள்ளிப்போடலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்து மண் அப்படி. களிமண், தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், வயலில் பார்க்கிற அதே வெடிப்புதான் வீட்டுத் தரைக்கு அடியிலும் நடக்கிறது. பழைய தரையை உடைத்தால் உள்ளே மண் இறங்கி வெற்றிடமாக இருக்கும், நெல் வைத்த வீடு என்றால் எலி வளையும் இருக்கும். அதை மணல் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்தி, கான்கிரீட் போட்ட பிறகுதான் டைல்ஸ் ஒட்ட முடியும். கொத்தனார் மேலே நின்று பார்த்துச் சொன்ன தொகையில் இது இருக்காது. அவர் மேல் தப்பில்லை, தரைக்கு அடியில் இருப்பது அவருக்கும் தெரியாது.

அடுத்தது ஓதம். கொத்தனார் எந்த மாதத்தில் வந்து சுவரைப் பார்த்தார்? சித்திரை வெயிலில் பார்த்திருந்தால் சுவர் காய்ந்து நன்றாகத்தான் தெரிந்திருக்கும். ஜூனில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்த பிறகு அதே சுவரில் அடியிலிருந்து ஈரம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழும். பழைய வீடுகள் பலவற்றில் ஈரத்தைத் தடுக்கிற பட்டை அஸ்திவாரத்துக்கு மேல் போடவே இல்லை. உங்களுடையது சுண்ணாம்புக் காரைச் சுவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சினாலும் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசி டைல்ஸை ஒட்டி அடைத்துவிட்டால் அந்த ஈரம் போக வழியில்லாமல் டைல்ஸுக்கு மேலே ஏறி அங்கே பூக்கும், சில சமயம் டைல்ஸே கழன்று வரும். ஆகவே போன மழைக்காலத்தில் ஈரம் எதுவரை ஏறியது என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு, அந்த உயரத்தைச் சுவரில் கோடு போட்டுக் கொத்தனாரிடம் காட்டுங்கள்.

அப்புறம் வயரிங். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், பழைய 6 ஆம்பியர் பிளக்கில் அது கூடாது. 16 ஆம்பியர் பாயிண்டும் அதற்கு 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயரும் போட்டுவிடுங்கள், எர்த்தும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய இரும்புக் குழாயும் இப்படித்தான், ஒரு இணைப்பைக் கழற்றினால் துருப்பிடித்த அடுத்த இணைப்பு உடைந்து வரும். குழாயை முழுசாக மாற்றுகிற செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

சிங்க்கை இடம் மாற்றப் போகிறீர்களா? அப்படியானால் கழிவுநீர் கொல்லைக்குப் போக வாட்டம் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் தட்டை நிலம், போதாததற்குத் தெருவை மேலே மேலே உயர்த்திப் போட்டு வீடு பள்ளத்தில் இருக்கும். வாட்டம் இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும், பிறகு தரையை இன்னொரு முறை உடைக்க வேண்டியதுதான்.

இதில் பாதியை வேலை தொடங்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். பேச்சை முடிப்பதற்கு முன் ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுத்து, சிங்க் இருந்த சுவரில் ஒரு இடமும் தரை மூலையில் ஒரு இடமும் உடைத்துப் பாருங்கள். அதன் பிறகு கொத்தனாரிடம், "இந்தத் தொகையில எதெல்லாம் சேராது?" என்று கேளுங்கள். என்ன சேரும் என்று கேட்டால் எல்லாம் சேரும் என்றுதான் பதில் வரும். இடிபாட்டை அள்ளுகிற டிராக்டர் வாடகை, கிரானைட் விளிம்பு மோல்டிங், சிங்க்குக்கு ஓட்டை போடுகிற கூலி, டைல்ஸ் வெட்டுச் சேதம், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, இவை பெரும்பாலும் வெளியே நிற்கும். டைல்ஸ் 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள், பிறகு போய் வாங்கினால் அதே நிறம் கிடைக்காது.

50 ஆயிரத்தை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் இருந்து வருகிற செலவுக்கு மட்டும்தான் அது. கடையில் நல்ல டைல்ஸைப் பார்த்து ஆசை வந்தால் அதற்கு இந்தப் பணம் கிடையாது, வீட்டில் எல்லாரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மொத்த காண்ட்ராக்ட் நல்லதா, நாள் சம்பளம் நல்லதா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இடிக்கிற வேலைக்கு நாள் சம்பளம், கட்டுகிற வேலைக்கு காண்ட்ராக்ட். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத நேரத்தில் மொத்தமாகப் பேசினால் ஒன்று அவர் பயந்து கூட்டிச் சொல்வார், அல்லது குறைத்துச் சொல்லிவிட்டுப் பாதியில் கேட்பார். இடித்து முடித்ததும் இருவரும் சேர்ந்து பார்த்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். முன்பணம் அதிகம் வேண்டாம், முடிந்த வேலையைப் பார்த்துப் பார்த்துக் கொடுங்கள்.

கேள்வி: பாதி வேலையில் பணம் தீர்ந்துவிட்டது. நகையை அடகு வைத்து முடித்துவிடலாமா? (திருவாரூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அலமாரிக்காக என்றால் வேண்டாம். குழாய், கழிவுநீர், வயரிங், தரை, மேடை இவை முடிந்திருந்தால் சமைக்கத் தொடங்கிவிடலாம். அலமாரி இருக்கிற இடத்தில் இப்போதைக்கு கடப்பா கல் பலகை மட்டும் பதித்துவிட்டு, கதவைக் கையில் பணம் வரும்போது போடுங்கள். வயரிங்கோ கழிவுநீரோ அரைகுறையாக நிற்கிறது என்றால் அதற்கு ஆகிற தொகைக்கு மட்டும் கடன் வாங்குங்கள், அதையும் எத்தனை மாதத்தில் மீட்பீர்கள் என்று கணக்குப் போட்டுவிட்டு.