அண்ணன் ஆடிய ஐடியில் தம்பி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பையன் எட்டாவது படிக்கிறான். போன மாதம் போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தோம். முதல் வாரம் தினமும் ஜெயித்து ‘சிக்கன் டின்னர்’ என்று குதித்தான். இப்போது இறங்கிய இரண்டாவது நிமிஷம் செத்துப்போகிறான், போனைக் கட்டிலில் வீசுகிறான். ஆசை காட்டி மோசம் செய்கிறார்களா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, நீடாமங்கலம்

பதில்: மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆசை காட்டுவது உண்மைதான். புதுசாக வருகிறவனோடு விமானத்திலிருந்து குதிக்கும் கூட்டத்தில் பல பேர் மனிதர்களே இல்லை. கம்ப்யூட்டர் ஓட்டும் பொம்மைகள். பையன்கள் ‘பாட்’ என்பார்கள். எதிரே வந்து நின்று, நம்மை விட்டுவிட்டு சுவரைச் சுடும். பிரான்ஸ், சில்வர், கோல்டு என்று ரேங்க் ஏற ஏற பாட் குறையும், ஆள் கூடும். உங்கள் பையன் ஆட்டம் கெட்டுப்போகவில்லை, எதிரிகள்தான் மாறிவிட்டார்கள்.

ஆனாலும் இரண்டே நிமிஷம் என்பது இடிக்கிறது. கடிதத்தின் கடைசியில், திருச்சியில் இன்ஜினீயரிங் படிக்கும் மூத்தவன் வெள்ளிக்கிழமை இரவு வந்துவிட்டால் போன் அவன் கைக்குப் போய்விடும் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஆட்டத்துக்கு முகம் தெரியாது, ஐடி என்கிற கணக்குதான் தெரியும். சனி ஞாயிறு அண்ணன் அதைத் தூக்கி, கோல்டுக்கு மேலே இருக்கும் பிளாட்டினத்தில் வைத்துவிட்டு பஸ் ஏறுகிறான். திங்கட்கிழமை டியூஷன் முடிந்து வரும் தம்பி அந்தக் கூட்டத்தில் போய் நிற்கிறான். சின்னவனுக்குத் தனி ஐடி போடுங்கள், வயதை உள்ளபடி பதியுங்கள். பதினெட்டுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடாது. எட்டாவது படிப்பவனுக்கு அந்த மூன்றே அதிகம் என்பது என் கட்சி.

கேள்வி: இந்த ஆட்டங்களில் யார் யாருக்குச் சமம் என்று இயந்திரம் எதை வைத்து முடிவு செய்கிறது?
– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், திருவையாறு

பதில்: சார், இது உங்கள் கணக்குதான். வேர் செஸ்ஸில் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த அர்பாத் ஈலோ ஒரு புள்ளிமுறை வகுத்தார். 1960-ல் அமெரிக்க செஸ் கூட்டமைப்பும், 1970-ல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயும் அதை எடுத்துக்கொண்டன. இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி என்றால் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. 200 புள்ளி கூட இருப்பவர் நூற்றுக்கு 76 பங்கு எடுப்பார், 400 கூட இருந்தால் 91. எதிர்பார்த்தவர் ஜெயித்தால் புள்ளி கொஞ்சம்தான் நகரும். எதிர்பாராதவர் ஜெயித்தால் எகிறும்.

புதியவரைப் பற்றி ஒன்றும் தெரியாதே, அவரை எங்கே வைப்பது? ஓர் ஆட்டத்தில் புள்ளி எவ்வளவு நகரலாம் என்பதற்கு ஃபிடே அவருக்கு 40 என்ற பெருக்கெண் வைத்திருக்கிறது, 2400 புள்ளியைத் தொட்டவருக்கு 10. அதாவது புதியவரின் புள்ளி நாலு மடங்கு வேகத்தில் ஏறி இறங்கி, தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். 2005-ல் மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஆட்டப் பெட்டிக்காகச் செய்த ‘ட்ரூஸ்கில்’ என்ற கணக்குமுறை ஆளுக்கு இரண்டு எண் வைத்தது. ஒன்று திறமை, இன்னொன்று அந்தத் திறமையைப் பற்றிய சந்தேகம். ஆட ஆட சந்தேகம் சுருங்கும். மனிதர்களை எடை போடும்போது நாம் இந்த இரண்டாவது எண்ணை வைத்துக்கொள்வதே இல்லை.

கேள்வி: நாலு வருஷமாக ஆடுகிறேன். எந்த ஆட்டத்தில் நுழைந்தாலும் என் அளவு ஆட்களையே எதிரில் நிறுத்துகிறான். ஒவ்வொன்றும் அரியர் பரீட்சை மாதிரி இருக்கிறது. கஷ்டப்பட்டு வளர்ந்தவனுக்கு சுலபமான எதிரி கிடைக்கக் கூடாதா?
– கல்லூரி மாணவர், கூத்தாநல்லூர்

பதில்: தம்பி, 2004 மகாமகம் முடிந்த கையோடு கும்பகோணத்தில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி பிரவுசிங் சென்டர் போட்டவன் நான். ஆறு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, மணிக்கு இருபது ரூபாய். மெயில் பார்க்க வந்தவர்களைவிட கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி ஆட்டம் ஆட வந்தவர்கள்தான் என் வாடகையைக் கட்டினார்கள். பாலிடெக்னிக் சீனியர்கள் மூன்று பேர் ஒரே பக்கம் உட்காருவார்கள். எதிரே பள்ளிக்கூடச் சட்டையோடு மூன்று பேர்.

டஸ்ட் டூ என்ற களத்தில் ரவுண்டு தொடங்கிய பத்தாவது விநாடி சின்னவர்களில் ஒருவன் காலி. அந்த ஆட்டத்தில் செத்தால் ரவுண்டு முடியும்வரை வேடிக்கைதான் பார்க்க வேண்டும். கூட வந்த இருவரும் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து இழுத்தடிப்பார்கள். இவன் மவுஸ் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பான். என் கடிகாரம் மட்டும் ஓடும். ஒருநாள் பதினெட்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போதே எழுந்தான். மீதிக் காசைக் கேட்கவில்லை. “எனக்கு ஆடவே வரலைண்ணே” என்றான். அப்புறம் வரவே இல்லை.

அவனுக்கு ஆட வராமல் இல்லை. நான் உட்கார வைத்த இடம் தப்பு. அடுத்த வாரத்திலிருந்து சீனியர்களைப் பிரித்து, பக்கத்துக்கு ஒருவராவது இருக்கும்படி போட்டேன். முணுமுணுத்தார்கள், ஒருவன் இரண்டு நாள் போட்டிக் கடைக்கும் போனான். ஆனால் ஆட்டம் இழுத்தது, கல்லாவும் நிறைந்தது.

நீங்கள் கேட்கும் அந்த சுலபமான எதிரி, எங்கேயோ ஒரு வீட்டில் போனைக் கட்டிலில் வீசுகிற பையன். கால் ஆஃப் டூட்டி ஆட்டத்தை வெளியிடும் ஆக்டிவிஷன் நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்து 2024-ல் அறிக்கை போட்டது. திறமை பார்த்துச் சேர்ப்பதைத் தளர்த்தியபோது, சுமாராக ஆடுகிறவர்கள் பாதியில் வெளியேறுவது கூடியது, திரும்பி வருவது குறைந்தது. அவர்கள் போன பிறகு வரிசையின் கடைசியில் நிற்பது யார்? கொஞ்ச நாளில் அது நீங்களாகவே இருக்கலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட முடியாது. ரேங்க் இல்லாத ஆட்டங்களில் பிடியைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

கேள்வி: என் நண்பன் நன்றாக ஆடுகிறவன். மாதம் ஒரு புது ஐடி போட்டு நூபுகளை (கற்றுக்குட்டிகளை) அடித்து வீடியோ போடுகிறான். தப்பா?
– பேராவூரணி வாசகர்

பதில்: தப்பு. நம் பக்கத்துக் கபடியில் 55 கிலோ, 65 கிலோ என்று தராசில் ஏற்றித்தானே இறக்குகிறார்கள்? முதல் நாள் பட்டினி கிடந்து, ஓடி, வியர்த்து எடை குறைப்பவனை ஊர் மன்னிக்கும். வெளியூர் கெட்டிக்காரனை உள்ளூர்ப் பையன் பெயரில் இறக்கினால் மைக்செட்டே உடையும். உங்கள் நண்பர் செய்வது இரண்டாவது ரகம். இதற்கு ‘ஸ்மர்ஃபிங்’ என்று பெயர். வார்கிராஃப்ட் 2 என்ற பழைய ஆட்டத்தின் காலத்தில், தங்கள் பெயரைப் பார்த்ததும் எதிரிகள் ஓடியதால், இரண்டு பேர் ‘ஸ்மர்ஃப்’ என்ற நீலக் குட்டி கார்ட்டூன் பெயர்களில் ஒளிந்து ஆடினார்களாம். 2023 செப்டம்பரில் டோட்டா 2 என்ற ஆட்டம் இப்படிப்பட்ட 90,000 ஐடிகளைத் தடை செய்தது. அதோடு விடவில்லை, ஒவ்வொன்றின் மூல ஐடியையும் தேடிப் பிடித்தது. இதை நண்பரிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: ராத்திரி ஒரு மணிக்கு நாலு நிமிஷம் காத்திருந்தாலும் ஆள் சேரவே மாட்டேன் என்கிறது. சேர்ந்தாலும் சம்பந்தமில்லாத எதிரி. ஏன்?
– மன்னார்குடி வாசகர்

பதில்: ஊர் தூங்குகிறது, அதனால்தான். திறமை, காத்திருக்கும் நேரம், பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) மூன்றையும் ஒன்றாகப் பிடிக்க முடியாது. ஆள் குறைந்தால் இயந்திரம் சல்லடைக் கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். நீங்கள் ரேங்க் உச்சத்தில் இருந்தால் சமமான ஆள் குறைவு, பகலிலும் இதே கதிதான். உங்களுக்கு அடுத்த ஊர்தான் பூவனூர். அங்கே சதுரங்க வல்லபநாதர் கோயிலின் கதை தெரியுமல்லவா? இளவரசியைச் சதுரங்கத்தில் ஜெயிக்க ஆள் கிடைக்காமல், கடைசியில் சிவனே சித்தர் வேஷத்தில் வந்து உட்கார வேண்டியிருந்தது. அந்த அம்மாள் காத்திருந்ததோடு பார்த்தால் உங்கள் நாலு நிமிஷம் ஒன்றுமில்லை.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் ரேங்க் என்ன?
– அய்யம்பேட்டை வாசகர்

பதில்: பிஜிஎம்ஐயில் பிளாட்டினத்துக்கு மேலே, டயமண்டு. கோடை லீவுக்கு அக்கா பையன் வந்து என் ஐடியில் ஆடிவிட்டுப் போனான். அதிலிருந்து, ஆட்டத்தில் வரும் போச்சிங்கி ஊரில் ஒரு வீட்டு மாடியில் படுத்தே கிடக்கிறேன்.