ஃபெல்ட் தொப்பி கேள்வி-பதில்: மழை, அந்து, அப்புறம் அந்த ‘எக்ஸ்’

கேள்வி: நேற்று மழையில் என் தொப்பி நன்றாக நனைந்துவிட்டது. ஹேர் டிரையர் போடலாமா, வெயிலில் வைக்கலாமா?

பதில்: இரண்டும் கூடாது. ஃபெல்ட் என்பது நெய்யாமல், கம்பளியையோ முடியையோ அழுத்திப் பின்னவைத்த துணி; அதற்குச் சூடு ஆகவே ஆகாது. உதறித் தண்ணீரைப் போக்கிவிட்டு, உள்ளே இருக்கும் தோல் பட்டையை வெளியே மடித்துவிடுங்கள். அந்தப் பட்டையின் மேலேயே தொப்பியை நிற்க வையுங்கள். விளிம்பு மேசையைத் தொடக்கூடாது. காற்றாடும் இடத்தில் ஒரு நாள், ஊறிப்போயிருந்தால் இரண்டு நாள் இருக்கட்டும். அவசரப்பட்டுச் சூடு காட்டினால் முதலில் தோல் சுருங்கும், பிறகு அது ஃபெல்ட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். முழுக்கக் காயும்வரை பிரஷ் போடாதீர்கள்.

கேள்வி: பிரஷ்ஷை எந்தத் திசையில் ஓட்டுவது?

பதில்: மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். கறுப்புக்கு ஒன்று, வெளிர் நிறத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாஷிங் மெஷினில் ‘டெலிகேட்’ வைத்துத் துவைக்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: தொப்பிக்குள் 20 எக்ஸ் (20X) என்று அச்சடித்திருக்கிறது. படமும் அனுப்பியிருக்கிறேன். நல்ல சரக்குதானே?

பதில்: ஒரு ஆள் தூரத்தில் நின்று எடுத்த படத்தை வைத்து ஃபெல்ட்டின் தரத்தைச் சொல்ல என்னால் ஆகாது. அது கம்பளியா, முயல் முடியா, பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் முடியா என்று நீங்களும் எழுதவில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இந்த எக்ஸ் விவகாரத்துக்கு வருவோம். மாதம் தவறாமல் யாராவது கேட்டுவிடுகிறார்கள். தரத்தைக் காட்டக் கம்பெனிகள் போடும் இந்த எக்ஸுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. பீவர் முடி எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கான குறி என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் எத்தனை எக்ஸுக்கு எவ்வளவு பீவர் என்று எந்த விதியும் கட்டுப்படுத்துவதில்லை. ஒரு கம்பெனியின் 5 எக்ஸும் இன்னொன்றின் 20 எக்ஸும் ஒரே தரமாக இருக்கலாம். பழைய தொப்பிகளில் ஒற்றை இலக்கத்தில் நின்ற எண் இன்று 100, 1000 என்று ஏறி நிற்கிறது. பீவர் அதற்கேற்ப நூறு மடங்கு நல்ல முடி வளர்த்துவிட்டதா என்ன? ஒரே கம்பெனியின் இரண்டு தொப்பிகளை ஒப்பிட எக்ஸ் உதவும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

எண்ணை விடுங்கள், கையை நம்புங்கள். விளிம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாக வளைத்து விடுங்கள். நல்ல முடி ஃபெல்ட் சட்டென்று பழைய நிலைக்கு வரும். அட்டை மாதிரி விறைத்து நின்றால் அது ஃபெல்ட்டின் பலம் இல்லை, ஏற்றிய பசையின் பலம். சாய்ந்த வெளிச்சத்தில் உச்சியைப் பாருங்கள்; கரடும் திட்டும் தெரியக்கூடாது. வெளிர் நிறமாக இருந்தால் கறுப்புத் துணியால் ஒருமுறை தேயுங்கள். குறையை மறைக்கப் பொடி பூசும் வழக்கம் உண்டு, அது துணியில் வந்துவிடும். விளிம்பைத் தடவிக்கொண்டே சுற்றி வாருங்கள். தடிமன் ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால் வேண்டாம். பெரும்பாலும் கம்பளி ஃபெல்ட் தடிமனாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும், மழையில் தொய்ந்துவிடும். முடி ஃபெல்ட் 2 மில்லிமீட்டர் அளவிலேயே இறுக்கமாக நிற்கும். கடைசியாக உள்பட்டையைத் திருப்பிப் பாருங்கள். தோலா, ரெக்ஸினா? தைத்திருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா? இவ்வளவும் பார்த்துவிட்டு வேண்டுமானால் எக்ஸை எண்ணுங்கள்.

கேள்வி: முன்பக்க மடிப்பில் விரிசல் விட்டிருக்கிறது. என்ன காரணம்?

பதில்: நீங்கள்தான் காரணம். அந்த மடிப்பைக் கிள்ளிப் பிடித்துத் தொப்பியைத் தூக்குகிறீர்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள் என்று எத்தனை முறை எழுதுவது? விட்ட விரிசல் இனி ஒட்டாது.

கேள்வி: பாச்சை உருண்டை போட்டும் பூச்சி அரித்துவிட்டது. ஏன்?

பதில்: திறந்த அலமாரியில் போட்டிருப்பீர்கள். அதன் ஆவி மூடிய பெட்டிக்குள் தேங்கினால்தான் வேலை செய்யும். அரிப்பது பறக்கும் அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. தொப்பியை வெளியே எடுத்து ரிப்பனுக்கு அடியிலும் உள்பட்டை மடிப்பிலும் நன்றாகப் பிரஷ் போடுங்கள், முட்டை அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்ததும் கவரைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரித்தால் ஈரம் கவரோடு போய்விடும், ஃபெல்ட்டில் படியாது.

கேள்வி: தலைக்கு எண்ணெய் வைப்பேன். ரிப்பன் ஓரத்தில் கறை ஏறிவிட்டது.

பதில்: சோளமாவைத் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் பிரஷ்ஷால் தட்டுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். தண்ணீர் வேண்டாம். சூடும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியை எடுத்து வராதீர்கள்.

கேள்வி: தாத்தாவின் 1930களின் தொப்பி கிடைத்திருக்கிறது. ஆவி காட்டி வடிவத்தைச் சரிசெய்யலாமா?

பதில்: கம்பளி என்றால் பயமில்லை. முயல் முடி என்றால் யோசியுங்கள். அந்தக் காலத்தில் முடி நன்றாகப் பின்னிக்கொள்ள அதைப் பாதரச நைட்ரேட்டில் நனைப்பார்கள். அமெரிக்காவில் 1941இல்தான் அது நின்றது. தொப்பித் தொழிலாளிகளுக்குக் கை நடுக்கமும் மனக்கோளாறும் வந்தது அதனால்தான். பழைய தொப்பியில் பாதரசம் மிச்சம் இருக்கக்கூடும். மூடிய அறையில் கெட்டில் வைத்து ஆவி காட்டாதீர்கள். கையுறை போட்டு எடுங்கள், அழகுக்கு வையுங்கள்.

கேள்வி: தொப்பி கொஞ்சம் லூஸ்.

பதில்: ஒரு சைஸ் என்பது தலைச் சுற்றளவில் சுமார் 1 சென்டிமீட்டர். அதற்குள் இருந்தால் உள்பட்டைக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் பட்டையைச் செருகுங்கள். அதைவிட லூஸ் என்றால் மாற்றி வாங்குங்கள். சுருக்கலாம் என்று வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிடாதீர்கள்.