படகு நம்மூர்ப் படகுதானா?

கேள்வி: கடல் சீற்றத்தில் நம் கடற்கரை ஊர்களில் வீடுகள் இடிந்த நேரம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. உடைந்த படகு, பக்கத்தில் அழுகிற பாட்டி, கீழே கியூஆர் கோடு. 2,000 ரூபாய் அனுப்பினேன். இன்னும் நாலு குரூப்பில் நானே போட்டும் விட்டேன். மறுநாள் ஒருவர் கூப்பிட்டு, வரிவிலக்கு ரசீது தருவதாகச் சொல்லி வேறொரு கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணச் சொன்னார். பின் நம்பர் போட்டதும் 9,500 ரூபாய் போய்விட்டது. தூத்தூர் சிநேகிதி, 'இது நம்மூர்ப் படகே இல்லை' என்கிறாள். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், இன்னும் சொல்லவில்லை. பணம் திரும்ப வருமா? இனி யாருக்குமே கொடுக்காமல் இருந்துவிடவா?
- ஒரு வாசகி, கருங்கல்

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே ஃபோனில் சொன்னதுதான், மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். பணம் போனது தெரிந்த நிமிஷமே சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். பணம் ஏமாற்றியவன் கணக்கை விட்டு நகர்வதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால் அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. நாள் ஆக ஆக அந்த வாய்ப்பு சுருங்கும். திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் புகார் செய்யுங்கள். நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. யுபிஐ ரசீதில் உள்ள 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், வங்கியிலும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

அந்த இரண்டாவது அழைப்பில்தான் எனக்குக் கோபம். ஒருமுறை ஏமாந்தவர் என்று தெரிந்துகொண்டு மறுபடியும் வந்திருக்கிறான். பணம் வாங்குவதற்கோ ரசீது பெறுவதற்கோ பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது, அவ்வளவுதான். நன்கொடைக்கு வரிவிலக்குத் தரும் 80ஜி பதிவு உள்ள அறக்கட்டளை தன் பெயர், பான், பதிவு எண் போட்டு ரசீது தரும். அதற்காக உங்களிடம் எதையும் ஸ்கேன் பண்ணச் சொல்லாது.

சரி, படகுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், பதிவு எண் பாதி அழிந்திருந்தாலும் 'ஐஎன்டி'க்கு அடுத்து ஆந்திராவைக் குறிக்கும் 'ஏபி' தெளிவாகத் தெரிகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டப் படகு என்றால் 'டிஎன்-15' இருந்திருக்கும். உங்கள் சிநேகிதிக்கு எண்கூடத் தேவைப்பட்டிருக்காது, கடற்கரைக்காரர்களுக்கு வள்ளத்தின் வளைவைப் பார்த்தாலே போதும். நானும் யோக்கியன் இல்லை. 2017-இல் ஒக்கி சமயத்தில் ஒரு புயல் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, அது வேறு ஏதோ நாட்டுப் படம் என்று பிறகு தெரிந்து அசடு வழிந்தவன்.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை எந்தக் கடற்கரை ஊரை எடுத்தாலும், அங்கே ஒரு சொந்தமோ, கூடப் படித்தவரோ, மீன் கொண்டுவரும் அக்காவோ நமக்கு இருப்பார்கள். 'உங்க ஊரில் இப்படி ஒரு குடும்பம் உண்டா?' என்று ஒரு ஃபோன் போடுங்கள். ஊர்த் தேவாலயத்தின் பங்குப் பேரவையில் கேட்டால் யார் வீட்டுக்குக் கூரை போனது, யாருக்கு அரிசி தேவை என்று பெயரோடு சொல்வார்கள். மலையோர ஊர்களுக்கு வார்டு உறுப்பினர், மகளிர் குழு. செய்தியை அனுப்பியவரைக் கேட்டுப் பயனில்லை. உங்களுக்கு அனுப்பியதும் உங்களைப் போன்ற ஒரு நல்ல மனசுக்காரர்தானே?

வயநாடு மாதிரித் தூரத்து ஊர் என்றால் அரசு நிவாரண நிதிக்கே அனுப்பலாம், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து அதன் தளத்துக்குப் போய். 2020-இல் பிரதமரின் 'பிஎம்கேர்ஸ்' நிவாரண நிதியின் யுபிஐ ஐடியில் கடைசி 'எஸ்' எழுத்தை மட்டும் விட்டுவிட்டு ஒரு போலி ஐடி உருவாக்கினார்கள். அந்த ஓர் எழுத்தை அவசரத்தில் யார் கவனிப்பார்கள்? அப்புறம், பின் போடுவதற்கு முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். செய்தியில் அறக்கட்டளை, திரையில் ஏதோ தனி ஆள் பெயர் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கொடுப்பதை ஏன் நிறுத்த வேண்டும்? 2004 சுனாமி முடிந்த வாரத்தில் குளச்சலுக்கும் மணக்குடிக்கும் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனவர்கள் யாரும் கோடு ஸ்கேன் பண்ணவில்லை. அடுத்த முறை 2,000 ரூபாயை அந்தச் சிநேகிதி கையில் கொடுத்துப் பாருங்கள், எந்த வீட்டுக்குப் போனது என்று மாலையே தெரிந்துவிடும்.

நாலு குரூப்பிலும் 'நான் அனுப்பியது பொய், யாரும் பணம் போடாதீங்க' என்று இன்றைக்கே எழுதிவிடுங்கள். வீட்டுக்காரரிடமும் இன்று ராத்திரி அவர் கூப்பிடும்போதே சொல்லுங்கள். குடும்ப குரூப்பில் அவரும் இருப்பார் இல்லையா? அவர் அறையில் உள்ளவர்கள் இதற்குள் ஆளுக்குக் கொஞ்சம் ரியால் சேர்க்க ஆரம்பித்திருக்கலாம்.