ஐ7-க்குக் கொடுக்கும் 9,000 ரூபாயை எங்கே போடலாம்?

விருதுநகர் வாசகர் ஒருவரின் கேள்வி: மகன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். படிக்கவும் கேம் விளையாடவும் ஒரே கம்ப்யூட்டர் போதும் என்கிறான். மானிட்டர், கீபோர்டு வீட்டில் இருக்கின்றன. கடையில் 55,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். ஐ5 12400எஃப் பிராசசர், எச்610 போர்டு, 16 ஜிபி ராம் ஒன்று, ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, நான்கு ஆர்ஜிபி (கலர் லைட்) ஃபேனும் 500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸும் (பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) சேர்ந்த கேமிங் கேபினட். இன்னும் 9,000 போட்டால் ஐ7 ஆக்கித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். 65,000 வரை புரட்டிவிடலாம். ஆக்கலாமா?

ஆக்க வேண்டாம். அந்த 9,000 ரூபாயை அப்படியே கிராபிக்ஸ் கார்டுக்குத் திருப்புங்கள்.

யார் எங்கே நிற்கிறான், குண்டு எந்தப் பக்கம் பாய்கிறது என்று கணக்குப் போடுவது பிராசசர். அதைப் படமாக வரைவது கார்டு. ஜிடிஎக்ஸ் 1650 என்பது 2019-இல் வந்த கார்டு. பெரிய கேம்களில் 12400எஃப் போட்டுத் தரும் கணக்கையே அதனால் வரைந்து முடிக்க முடியாது. அதன் பக்கத்தில் ஐ7-ஐ வைப்பது, ஒரே தோசைக்கல் இருக்கிற கடையில் மாவு ஊற்ற இரண்டாவது ஆள் போடுவது மாதிரி. அதே கூடுதல் பணத்துக்கு ஆர்எக்ஸ் 6600 வகைக் கார்டு கிடைத்தால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நினைவகமும் 4 ஜிபிக்குப் பதில் 8 ஜிபி. இன்றைய பெரிய கேம்களுக்கு 4 ஜிபி பற்றாது. மீதியை ராமிலிருந்து இழுத்து இழுத்துப் படம் திக்கும். ரே டிரேசிங் (வெளிச்சமும் நிழலும் நிஜம்போல விழும்படி வரைவது) வசதி இல்லாத கார்டு என்றால் சில புதிய கேம்கள் திறக்கவே திறக்காது. 1650-இல் அந்த வசதி இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. மகன் விளையாடப்போவது வாலரண்ட் மட்டும்தான் என்றால் 1650 தாராளமாகப் போதும், மிச்சப் பணத்தை பேங்கில் போடுங்கள். (இப்போது அப்படித்தான் சொல்வான். ஆறு மாதம் கழித்து என்ன சொல்வான் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.) வாலரண்ட் விண்டோஸ் 11-இல் ஓட டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆனில் இருக்க வேண்டும். விண்டோஸ் போடும்போதே அதைச் செய்து தரச் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கொட்டேஷனில் என்னைப் பயமுறுத்துவது கார்டு அல்ல, கடைசி வரி. கேபினட்டோடு ‘இலவசமாக’ வருகிற 500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ். கடையில் அதைக் கையில் வாங்கி, பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். +12வி என்ற கட்டத்தின் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். நான் கடைசியாகப் பார்த்த ஒரு 500 வாட்ஸ் பெட்டியில் 14ஏ என்று இருந்தது. 12 × 14 = 168 வாட்ஸ், அவ்வளவுதான். பிராசசரும் கார்டும் கரண்ட் எடுப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட் லைனில்தான். 12400எஃப் முழு வேகத்தில் 117 வாட்ஸ் வரை போகும், ஆர்எக்ஸ் 6600 132 வாட்ஸ். கூட்டிப் பாருங்கள். ஒழுங்கான 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 45ஏ அளவில் இருக்கும், 540 வாட்ஸ் ஆயிற்று. தூக்கினாலே எடை வித்தியாசம் தெரியும்.

சொந்தக்காரப் பையன் ஒருவனின் சிஸ்டம் கேம் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் பட்டென்று அணைந்துவிடும். வாங்கின கடையில் கார்டு போய்விட்டது என்றார்கள். விண்டோஸை இரண்டு தடவை அழித்துப் போட்டார்கள். கடைசியில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியதும் சரியாகிவிட்டது. அதே கார்டு இன்றைக்கும் ஓடுகிறது.

ஆகவே ‘80 பிளஸ் பிரான்ஸ்’ (80 Plus Bronze, கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) முத்திரை உள்ள 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக வாங்குங்கள். அதற்கான பணம் ஆர்ஜிபி கேபினட்டிலிருந்து வரட்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி அடைத்த கேபினட்டுக்கு மே மாத விருதுநகரில் மூச்சு முட்டும். முன்பக்கம் வலை வைத்த சாதாரண கேபினட்டே மேல். அப்படியும் கணக்கு இடித்தால் பிராசசரை ஐ3 12100எஃப்-க்கு இறக்குங்கள், கார்டை இறக்காதீர்கள்.

ராம் விலை 2025 கடைசியிலிருந்து தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதன் விளைவு. அதற்காக 8 ஜிபியோடு நிறுத்த வேண்டாம். 16 ஜிபி ஒன்றுக்குப் பதில் 8 ஜிபி இரண்டாகக் கேளுங்கள், இரண்டு பாதையில் டேட்டா போவதால் கேம் சீராக ஓடும். எச்610 போர்டில் பொதுவாக இரண்டு ஸ்லாட்தான், பிறகு கூட்ட நினைத்தால் பழையதைக் கழற்ற வேண்டிவரும். அந்தக் குறையோடும் எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. வீட்டுக்கு வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகத்தைப் பாருங்கள். 3200 என்று வாங்கிய ராம் 2133 அல்லது 2666 காட்டினால் பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்யவில்லை என்று அர்த்தம். எஸ்எஸ்டி 512 ஜிபி இப்போதைக்குப் போதும்.

பில்லில் ஜிஎஸ்டி 18 சதவீதத்தைத் தவிர்த்துத் தருகிறேன் என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் சொல்வார்கள், உங்கள் ஊரிலும் சொல்வார்கள். வேண்டாம். கார்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருட வாரண்டி, பில் இல்லாமல் அதைக் கேட்டுப் போய் நிற்க முடியாது. ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் பில்லில் ஏற வேண்டும், காலி அட்டைப்பெட்டிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இணைக்கும்போது மானிட்டர் கேபிளை கார்டில் சொருகுங்கள். 12400எஃப்-இல் உள்ள ‘எஃப்’ என்றால் உள்ளேயே கிராபிக்ஸ் இல்லாத பிராசசர். போர்டில் சொருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். யுபிஎஸ் 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அது திணறும், 1000 விஏ பாருங்கள். கேபினட்டைத் தொடும்போது விரலில் சுர்ரென்று லேசாக அடித்தால் சிஸ்டத்தைக் குறை சொல்லாதீர்கள். பிளக் பாயிண்டில் எர்த் வரவில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.