விளையாட்டு வாத்தியார் பதில்கள்: ஜோ ஃப்ரேசியரின் இடது கை

கேள்வி: சார், முகமது அலியை முதன்முதலில் தோற்கடித்தவர் ஜோ ஃப்ரேசியர் என்று என் மகனின் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வரிகூட இல்லை. யார் அவர்?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: கீழக்கரையில் நான் வளர்ந்த தெருவிலும் அப்படித்தான் அம்மா. கடைகளில் அலியின் படம் தொங்கும். ஃப்ரேசியரின் படத்தை எங்கேயும் பார்த்ததில்லை. அலி மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அலியிடம் எவ்வளவு நெஞ்சுரம் இருந்தது என்பதை உலகம் பார்த்ததே ஃப்ரேசியர் எதிரில் நின்றதால்தான்.

அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் பியூஃபோர்ட் என்று ஒரு கடலோர ஊர். இந்தக் குத்துச்சண்டை வீரர் அங்கே 1944இல் பிறந்தார். குடும்பத்தில் பிள்ளைகள் ஏராளம், பிழைப்பு விவசாயக் கூலி. தந்தை இடது கையை இழந்தவர். சுத்தியல் பிடித்தால் ஆணியைப் பிடிக்க ஆள் வேண்டும், அந்த ஆள் ஜோ. சிறுவயதில் ஒரு பன்றி துரத்தி விழுந்ததில் ஜோவின் இடது முழங்கையும் அடிபட்டது. வைத்தியம் பார்க்க வசதியில்லை. அந்தக் கை கடைசி வரை முழுதாக நீளவே இல்லை. மடங்கியே நின்ற அந்தக் கையிலிருந்துதான் உலகமே பயந்த இடது ஹூக், அதாவது கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து, பிறந்தது. சாக்கில் கந்தலும் செங்கல்லும் திணித்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, தினமும் அதைக் குத்திப் பழகியிருக்கிறார்.

பதினைந்து வயதில் வடக்கே போய், பிலடெல்பியாவில் கறிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். உடம்பைக் குறைக்கத்தான் முதலில் ஜிம்முக்கே போனார்! 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அவருக்கு மாற்று வீரர் இடம்தான். தேர்வில் அவரை வென்ற பஸ்டர் மேத்திஸுக்குக் கையில் அடிபட்டதால் வாய்ப்பு வந்தது. அரையிறுதியில் தன் இடது கட்டைவிரல் முறிந்ததை வெளியே காட்டிக்கொள்ளாமல் இறுதி ஆட்டத்தில் இறங்கித் தங்கம் வாங்கினார். அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குத்துச்சண்டைக்குக் கிடைத்த ஒரே தங்கம் அதுதான்.

அப்புறம் 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். அலியும் ஃப்ரேசியரும் மோதினார்கள். இருவருமே அதுவரை தோற்காதவர்கள், ஆளுக்கு 25 லட்சம் டாலர். பதினைந்தாவது சுற்றில் அந்த இடது ஹூக் அலியின் தாடையில் விழுந்தது. அலி மல்லாந்து விழுந்து, உடனே எழுந்துவிட்டார். அந்த அடிக்குப் பிறகு எழுந்தது அலியின் பெருமை. ஆட்டம் ஃப்ரேசியருடையது. மூன்று நடுவர்களும் அவருக்கே கொடுத்தார்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 18 வயது, 68 கிலோ. லீவு நாளில் அப்பாவோடு கரைவலை இழுப்பான், தோள் இரும்பு மாதிரி. ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரராக வேண்டும் என்று கிலோ கணக்கில் சாப்பிடுகிறான். சரிதானா சார்?
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: முதலில் அந்தச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லம்மா. தொழில்முறை ஹெவிவெயிட் என்பது 200 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 91 கிலோ. தொப்பையை ஏற்றி அங்கே போனால் அடிதான் கிடைக்கும். 68 கிலோவில் உடம்பு இயல்பாக நிற்கிறதென்றால் அந்த எடைப் பிரிவிலேயே ஆடட்டும்.

வலை இழுப்பது முதுகுக்கும் புஜத்துக்கும் நல்லது. ஆனால் குத்தின் பலம் தோளில் இல்லை, குதிகாலில் தொடங்கி இடுப்புத் திரும்பி கைக்கு வருகிறது. மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னால் நடந்து வலையை இழுக்கிறானே, அந்தக் கால்தான் அவனுக்குச் சொத்து. ராமநாதபுரத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்து, முறையான பயிற்சியாளர் யார் என்று கேளுங்கள். முதல் ஆறு மாதம் கால் வைப்பும் தற்காப்பும் மட்டும். தலைக்கவசம், பல் காப்பு இல்லாமல் யாரோடும் மோதவிடாதீர்கள். இதில் நான் கறார்.

கேள்வி: மணிலாவில் கடைசிச் சுற்றுக்கு விடாமல் ஃப்ரேசியரைப் பயிற்சியாளர் நிறுத்தியது துரோகம் என்கிறான் என் நண்பன்.
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: இல்லை தம்பி. துரோகம் என்ற சொல்லே அங்கே வரக்கூடாது.

1975 அக்டோபர் 1, பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா. அலியும் ஃப்ரேசியரும் மூன்றாவது முறை மோதினார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகக் காலையிலேயே வைத்த ஆட்டம், உள்ளே உயிரை எடுக்கும் புழுக்கம். முதல் சுற்றுகள் அலிக்கு, நடுச் சுற்றுகள் ஃப்ரேசியருக்கு. பிறகு மறுபடி அலி கை ஓங்கியது. ஃப்ரேசியருக்கு இடது கண்ணில் பார்வை குறைவு. அதைப் பல வருடம் மறைத்தே ஆடினார். மணிலாவில் நல்ல கண்ணான வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. பதினான்காவது சுற்றில் அலியின் வலது கை வருவதே அவருக்குத் தெரியவில்லை. மூலையில் நின்ற எடி ஃபட்ச், குத்துச்சண்டை வளையத்தில் சாவைப் பார்த்திருந்தவர். ஃப்ரேசியர் எழுந்து எழுந்து மறுத்தும், போதும் என்று நிறுத்தினார். பட்டம் வெல்லும் வாய்ப்பு போகும் என்று தெரிந்தே செய்தார். வென்ற அலியே, சாவுக்கு மிக அருகில் போய் வந்தது போலிருந்தது என்றார்.

முப்பது வருடம் பிள்ளைகளை மைதானத்தில் இறக்கியவன் நான். ஃபட்ச் செய்ததைச் செய்ய முடியாதவனிடம் எந்தப் பிள்ளையையும் ஒப்படைக்கக்கூடாது.

கேள்வி: அலியும் ஃப்ரேசியரும் கடைசியில் ராசியானார்களா?
– ஒரு வாசகர், ஏர்வாடி

பதில்: பாதி. அலிக்குக் குத்துச்சண்டை ஆடும் உரிமம் மறுக்கப்பட்ட காலத்தில் அவருக்குப் பணம் கொடுத்து உதவியவர், அவரை ஆட விடுங்கள் என்று பேசியவர் ஃப்ரேசியர். அவரைத்தான் அலி வெள்ளைக்காரர்களின் ஆள் என்றார், கொரில்லா என்றார். டிக்கெட் விற்பதற்காக அப்படிச் சொன்னாராம். அதனால் ஃப்ரேசியரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வலித்தது. எனக்கு இன்றுவரை அலியிடம் பிடிக்காத ஒன்று இதுதான். 2001இல் பத்திரிகை வழியாக அலி மன்னிப்புக் கேட்டார். ஃப்ரேசியர் ஒரு நாள் ஏற்றார், இன்னொரு நாள் கசந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2011 நவம்பரில் கல்லீரல் புற்றுநோயில் இறந்தபோது அலி உடல்நிலையோடு போராடியபடியே வந்து அஞ்சலி செலுத்தினார். பிலடெல்பியாவில் சிலை வைக்க 2015 ஆனது. ராக்கி என்ற சினிமாக் குத்துச்சண்டைக்காரனுக்கு அதே ஊரில் எப்போதோ வைத்துவிட்டார்கள்.

கேள்வி: 1980இல் அலி சென்னை வந்தபோது அவரோடு கண்காட்சி ஆட்டம் ஆடியவர் யார்?
– ஒரு வாசகர், பாம்பன்

பதில்: ஜிம்மி எல்லிஸ். அலியின் சொந்த ஊரான லூயிவில்காரர், அவரும் ஒரு காலத்தில் சாம்பியன். 1970 பிப்ரவரியில் அவரை வென்றுதான் இரண்டாகப் பிரிந்திருந்த ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை ஃப்ரேசியர் முழுதாக எடுத்தார். நான்காவது சுற்றில் இரண்டு முறை விழுந்த எல்லிஸை, ஐந்தாவது சுற்றுக்கு அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி அனுப்பவில்லை.