‘தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்’ நாவலில் ஐம்பது பக்கம்கூடத் தாண்ட முடியவில்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். “போகப் போக வேகமெடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று இதற்குள் நாலு பேர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். வேகமெடுக்கும்தான். என்னைக் கேட்டால் அந்த வேகத்தில்தான் நாவல் கெட்டுப்போகிறது. உங்களுக்குக் கொட்டாவி வரவழைக்கிற தொடக்க அத்தியாயங்கள்தான் அதன் மூலதனம்.

முப்பது ஆண்டுகளாக இந்த வகை மாயாஜால (ஃபேண்டஸி) நாவல்களைப் படிக்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனைக் கரைத்துக் குடித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நானும் அந்த வழியாக வந்தவன்தான். ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரில் முதல் பாகமான இந்த நாவல் வெளிவந்தது 1990-இல். ஒதுக்குப்புறமான கிராமம், அங்கே வந்திறங்கும் மந்திரம் அறிந்த அந்நியப் பெண், காற்றடித்தும் மேலங்கி அசையாத கறுப்புக் குதிரைக்காரன், இரவோடு இரவாக ஊரை விட்டு ஓடும் பையன்கள் என்று பாதிச் சாமான் டோல்கீன் வீட்டுப் பரணிலிருந்து இறக்கியது. தெரிந்தேதான் அப்படித் தொடங்கினேன் என்று ஜோர்டனே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் எரிச்சல் எரிச்சல்தான். மும்பை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் அறுபது ரூபாய்க்கு வாங்கி, இரண்டு முறை பாதிகூட வராமல் மூடி வைத்தேன்.

மூன்றாம் முறை படித்தது ஆஸ்பத்திரியில். 2004 மழைக்காலம், அப்பாவுக்கு மலேரியா. பதினாறு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து மளிகைக் கடை வைத்தவர்; ஊர்ப்பேச்சே எடுக்க மாட்டார். கட்டிலருகே கால் ஆடும் ஸ்டூல், வராந்தாவிலிருந்து விழும் டியூப் லைட் வெளிச்சம், கையில் இந்தப் புத்தகம்.

ஆறாம் அத்தியாயம் வந்தது. (கதையை உடைக்கிறேன் என்று கோபிக்காதீர்கள், முப்பத்தைந்து ஆண்டு பழைய நாவல்.) பண்ணை வீட்டில் அரக்கர்களின் தாக்குதல் நடந்து முடிந்திருக்கிறது. காயம்பட்டுக் காய்ச்சலில் கிடக்கும் தந்தை டாமைத் தூளி போலக் கட்டிய படுக்கையில் போட்டு, இருட்டில் காட்டோரமாக இழுத்துக்கொண்டு போகிறான் அந்தப் பையன்களில் ஒருவனான ராண்ட். தந்தை பிதற்றுகிறார். பழைய போர், பனி மூடிய மலைச்சரிவு, அங்கே கேட்ட ஒரு குழந்தையின் அழுகை. தான் இவர் பெற்ற பிள்ளைதானா என்ற சந்தேகம் மகனுக்கு முதன்முதலாக விழுகிற இடம் அது. நின்றால் அரக்கர்கள் வந்துவிடுவார்கள். நடந்தால் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணி இருக்கும். அப்பா கண்ணைத் திறக்காமலே, கீழ வயலுக்குத் தண்ணீர் திறந்தாயிற்றா என்று கேட்டார். கேட்டது என்னை அல்ல. ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. எங்களுக்கு வயல் இருந்தது என்பதும் அன்றுவரை எனக்குத் தெரியாது. காய்ச்சல் இறங்கியதும் யார் அது என்று கேட்டேன். “யார்?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு, காபியில் சர்க்கரை போதவில்லை என்றார். அம்மாவுக்கும் தெரியவில்லை.

முதல் ஐந்து அத்தியாயங்கள் எதற்கு என்று அன்றுதான் புரிந்தது. தந்தையும் மகனும் வண்டியில் ஆப்பிள் மதுப் பீப்பாய்களைச் சத்திரத்துக்கு ஏற்றி வருகிறார்கள், வசந்தம் வரவில்லை, திருவிழா நெருங்குகிறது, ஊரே நாடோடி வியாபாரியின் வரவுக்குக் காத்திருக்கிறது. கோயில் கொடைக்கு முந்தின நாள் நம் ஊர் எப்படி இருக்குமோ அப்படி. அந்த டாமோடு அத்தனை பக்கம் உடன் வந்து பழகியிருக்காவிட்டால், பிதற்றுகிற டாம் நமக்கு யாரோ ஒரு நோயாளி.

யுகங்கள் சுழன்று திரும்பி வரும் என்று இந்த நாவல் சொல்வதில் நமக்கு வியக்க ஒன்றுமில்லை, பாட்டி சொன்னதுதான். எனக்குப் பிடித்தது வேறு. மந்திர சக்தியில் ஆண்களின் பங்கு நஞ்சேறிக் கிடக்கிறது. அதைத் தொடுகிற ஆணுக்குப் பைத்தியம் பிடிக்கும். ஆகவே அந்தச் சக்தி வாய்த்த நாயகன் தான்தான் என்று அறிவது, ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்ப்பது போல. ஆனால் முடிவு? மொத்தம் 53 அத்தியாயங்களில் கடைசி மூன்று நான்கில் எல்லாம் தடதடவென்று கொட்டுகிறது. நான்கு முறை படித்தும் யார் எங்கே நின்று எதை வென்றார் என்று என்னால் கோவையாகச் சொல்ல முடியாது.

பிடித்துவிட்டால் பதினான்கு பாகங்களையும் ஒன்றாக வாங்கிவிடாதீர்கள். ஜோர்டன் 2007-இல் காலமானார். பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்றை எழுதி 2013-இல்தான் முடித்தார். நான் அத்தனையும் வாங்கி, டோம்பிவிலி வீட்டுக்குள் இடமில்லாமல் வாசலருகே அலமாரி வைத்தேன். நடைவழியை அடைக்கிறது, தீப்பிடித்தால் ஆபத்து என்று குடியிருப்புச் சொசைட்டியிலிருந்து நோட்டீஸ் வந்தது. செயலாளர் வீட்டு வாசலில் செருப்பு அலமாரி, இரண்டு சைக்கிள், காற்றுப்போன ஸ்கூட்டர் எல்லாம் இன்றும் இருக்கின்றன. அவற்றுக்குத் தீப்பிடிக்காது போலும். கேட்டால், அது தற்காலிகமாம். ஒன்பது வருடத் தற்காலிகம். பழைய பேப்பர்காரரிடம் நான் முதலில் போட்டது பத்தாம் பாகத்தை. அதன் ரசிகர்கள் மன்னிக்கவும், இதுவரை ஒருவரையும் சந்தித்ததில்லை.

எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வியாபாரியின் வண்டி ஊருக்குள் வந்துவிட்டதா? வந்துவிட்டதென்றால் இன்னும் மூன்று அத்தியாயம்தான்.