ஐபோனில் உலாவிகள்: பெயர் பல, எஞ்சின் ஒன்று – கேள்வி பதில்

கேள்வி: என் ஐபோனில் குரோம், பயர்பாக்ஸ் இரண்டும் உள்ளன. உள்ளுக்குள் இரண்டும் சஃபாரிதான் என்கிறார் நண்பர். உண்மையா, ஐயா?

பதில்: பெருமளவு உண்மை. முகவரிப் பட்டை, புக்மார்க், கடவுச்சொல் சேமிப்பு ஆகியவை உலாவியின் மேல்பகுதி. பக்கத்தின் நிரலைப் படித்துத் திரையில் வரைந்து காட்டுவது எஞ்சின். கணினியில் குரோமுக்கு பிளிங்க், பயர்பாக்ஸுக்கு கெக்கோ என்று தனித்தனி எஞ்சின்கள் உள்ளன. ஆனால் ஆப் ஸ்டோரின் 2.5.6-ஆம் விதி சஃபாரியின் எஞ்சினான ஆப்பிளின் வெப்கிட்டையே பயன்படுத்தச் சொல்வதால், 2012-இல் ஐபோனுக்கு வந்த குரோமும் 2015-இல் வந்த பயர்பாக்ஸும் தம் சொந்த எஞ்சினை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தன.

கேள்வி: பக்கம் ஒழுங்காகத் திறந்தால் போதாதா? பயனருக்கு என்ன நட்டம்?

பதில்: 2022 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். இணையதளங்கள் உலாவியில் சேமிக்கும் தரவுத்தளங்களின் பெயர்களைப் பிற தளங்களும் பார்க்கக்கூடிய ஒரு பிழை வெப்கிட்டில் இருப்பது வெளியானது. கூகுள் தளங்களின் தரவுத்தளப் பெயர்களில் பயனரின் கணக்கு எண்ணும் இருந்ததால், ஒருவர் திறந்து வைத்திருக்கும் ஏதோ ஒரு தளம் அவர் யார் என்று கண்டுகொள்ள வழி இருந்தது. மேக் கணினி வைத்திருந்தவர் அன்றே வேறு உலாவிக்கு மாறிக்கொள்ள முடிந்தது. ஐபோன்காரர் எந்த உலாவிக்குத் தாவினாலும் அதே பிழைதான். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்-இன் 15.3 பதிப்பு வரும்வரை காத்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

கேள்வி: பாதுகாப்புக்காகவே இந்த விதி என்கிறதே ஆப்பிள்?

பதில்: அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஜாவாஸ்கிரிப்ட் வேகமாக ஓட வேண்டுமானால், அதை அந்தக் கணமே இயந்திர மொழியாக்கி நினைவகத்தில் எழுதி இயக்கும் உரிமை எஞ்சினுக்கு வேண்டும். தாக்குபவர்கள் குறிவைப்பதும் அந்த இடத்தைத்தான். ஆனால் ஆப்பிளின் மேக் கணினியிலேயே எல்லா எஞ்சின்களும் ஓடுகின்றன, ஆண்ட்ராய்டில் பயர்பாக்ஸ் கெக்கோவுடனேயே வருகிறது. பாதுகாப்புக்கு நிபந்தனை விதிப்பது நியாயம். போட்டியாளரின் எஞ்சினையே தடுப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: 2020-லிருந்து இயல்புநிலை உலாவியை மாற்றிக்கொள்ளலாமே?

பதில்: ஐஓஎஸ் 14 அதற்கு வழிவிட்டது. மாறுவது இணைப்பைத் தொட்டால் திறக்கும் செயலி மட்டுமே, எஞ்சின் மாறாது.

கேள்வி: ஐரோப்பாவில் தடை நீங்கிவிட்டதாமே?

பதில்: பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் எண்ணியல் சந்தைச் சட்டத்தின் கட்டாயத்தால், 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் பிற எஞ்சின்களை அனுமதித்தது. ஆனால் தொடக்கத்தில், ஏற்கெனவே மக்கள் கையில் இருக்கும் செயலியில் எஞ்சினை மாற்ற இடமில்லை. ஐரோப்பாவுக்கென்று புதுச் செயலி வெளியிட்டு, பயனர்களை முதலிலிருந்து திரட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஒரே உலாவியை இரண்டாகப் பராமரிக்கும் இந்தச் சுமையை, பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா வெளிப்படையாகவே கண்டித்தது. 2025 மார்ச்சில் பிரிட்டனின் போட்டி ஆணையமும் வெப்கிட் கட்டாயம் போட்டியைக் கெடுக்கிறது என்று தன் இறுதி அறிக்கையில் கூறியது. ஜப்பானில் இந்தத் தடையையும் உள்ளடக்கி, திறன்பேசி மென்பொருள் போட்டிக்கென இயற்றிய சட்டம் 2025 டிசம்பர் 18 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.